நிர்வாகத்தோடு ஒரே மேசையில் உட்காரலாமா?

கேள்வி: எங்கள் ஆலையில் வேலைச் சூழலை மேம்படுத்தக் கூட்டுக் குழு அமைக்கலாம் என்று நிர்வாகம் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. "இது சங்கத்தை உடைக்கிற வேலை" என்கிறார்கள் பாதிப் பேர். துணைச் செயலாளரான நான் என்ன செய்வது?

பதில்: தோழரே, போய் உட்காருங்கள். அதற்கு முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சம்பளம், போனஸ், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இந்தக் குழுவுக்கு வராது. அவை சங்கத்தின் பேச்சுவார்த்தைக்கே. இது ஒன்று. தொழிலாளி சொன்ன யோசனையால் ஆள் மிச்சமானால், அதைச் சாக்காக வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதுதான் உயிர்நாடி. இந்த உறுதி இல்லாத குழுவில் விவரம் தெரிந்த தொழிலாளி வாயே திறக்க மாட்டார். பக்கத்து மெஷின்காரருக்கு வேலை போகும் என்று தெரிந்தும் யார் யோசனை சொல்வார்?

இந்த உறுதி என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, சொல்லாமல் லீவு, தீராத புகார் என்று பேர் கெட்டு, 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் அதைத் திறந்தபோது அதே சங்கம்தான், பெரும்பாலும் அதே ஆட்கள்தான். லைன் நெடுக ஒரு கயிறு தொங்கியது. பிசகு தெரிந்தால் தொழிலாளியே இழுக்கலாம். அந்த இடத்து டீம் லீடர் ஓடி வருவார், சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். ஆட்குறைப்புக்கு முன் அதிகாரிகள் சம்பளத்தைக் குறைக்க வேண்டும், வெளியே கொடுத்த வேலையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1988-இல் விற்பனை சரிந்தபோதும் யாரையும் அனுப்பவில்லை; மிச்சப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தொழிலாளர்கள் நிர்வாகத்தை நம்பியது அதைப் பார்த்துத்தான். சரி, அந்த ஆலையும் 2010-இல் மூடப்பட்டது. முந்தைய வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகிக்கொண்டது. அதையெல்லாம் எந்தக் குழுவாலும் தடுக்க முடியாது.

முதல் கூட்டத்துக்குச் சின்ன விஷயமாக எடுத்துப் போங்கள். நான் இருந்த குழுவில் முதலில் எடுத்தது ஷிப்ட் பட்டியல். அடுத்த வார ஷிப்டை வாரக் கடைசியில்தான் ஒட்டுவார்கள். வீட்டில் எதற்கும் நாள் குறிக்க முடியாது. ஒரு வாரம் முன்பே ஒட்ட வைத்தோம். நிர்வாகத்துக்குப் பைசா செலவில்லை. அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் தாங்களாகவே புகார் எழுதிக் கொடுத்தார்கள். மினிட்ஸில் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுத விடாதீர்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அன்றே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. இந்தக் குழுக்களுக்கு முட்டுக்கட்டை பெரும்பாலும் மேலாளர் இல்லை, சூப்பர்வைசர்தான். தன் தலைக்கு மேலே பேசி முடிக்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சல். சூப்பர்வைசர்களில் ஒருவரையும் குழுவில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: குழுக் கூட்டத்தை ஷிப்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பெர்சனல் மேனேஜர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வேலை நேரத்தில், முழுச் சம்பளத்தோடு. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனசில்லாத நிர்வாகம் குழுவில் வேறு எதைக் கொடுக்கப்போகிறது என்று அவரிடமே கேளுங்கள்.