டெலீட் செய்தும் டிஸ்கில் இடம் ஏன் கூடவில்லை?

கேள்வி: எங்கள் ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. 6 வருட விற்பனை விவரத்தில் பழைய 3 வருடத்தை ஒரே டெலீட்டில் நீக்கினேன். இரவெல்லாம் ஓடி முடிந்தது. டிஸ்கில் துளிகூட இடம் கூடவில்லை, ரிப்போர்ட்டும் வேகமெடுக்கவில்லை. டேபிளைச் சுருக்கும் வேக்கூம் ஃபுல் கட்டளையைப் போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள்.

போஸ்ட்கிரெஸில் டெலீட் கொடுத்தாலும் ரெக்கார்டு அங்கேயேதான் கிடக்கும். செத்தது என்று குறி மட்டும் விழும். வேறொரு டிரான்சாக்ஷன் (ஒரே தொகுப்பாக முடிகிற வேலை) அதை இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. பிறகு தானாக ஓடும் துப்புரவு வேலையான ஆட்டோவேக்கூம் வந்து அந்த இடத்தைப் புதிய ரெக்கார்டுகளுக்கு ஒதுக்கிவைக்கும். ஃபைலின் வால்பகுதி காலியாக இருந்தால் ஒழிய, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எதுவும் திரும்பாது. முழு டேபிளையும் படிக்கிற ரிப்போர்ட், காலிப் பக்கங்களையும் சேர்த்தே புரட்டும்.

முதலில், யார் யார் இணைந்து என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள். டெலீட்டுக்கு முன்பே தொடங்கிய டிரான்சாக்ஷன் ஏதாவது முடியாமல் கிடந்தால், வேக்கூம் வந்தும் வெறுங்கையோடு போகும். நான் இரண்டு நாள் தேடியலைந்த ஒரு கோளாறு, யாரோ வெள்ளிக்கிழமை கணினியில் மூடாமல் போன ஒற்றை ஜன்னலில் வந்து முடிந்தது.

வேக்கூம் ஃபுல் மொத்த டேபிளையும் புது ஃபைலில் எழுதும். முடியும்வரை யாரும் படிக்கக்கூட முடியாது. மிஞ்சிய தரவின் அளவுக்குக் காலி இடமும் வேண்டும். எப்படியும் எல்லாவற்றையும் ஒருமுறை நகலெடுக்கத்தான் வேண்டும் என்றால், மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்த, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்த, புது டேபிளுக்கே எடுத்துவிடுங்கள் என்பேன். படிப்பவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது. அடுத்த முறை பழைய மாதத்தை நீக்க, அந்தப் பார்ட்டிஷனை டிராப் செய்தால் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடியும்.

இருக்கிற டேபிளை அப்படியே பார்ட்டிஷன் டேபிளாக மாற்ற முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி, மாதம் மாதமாக இன்சர்ட் செய்யுங்கள். ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயில் தேதி நெடுவரிசையும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. இரவில் புதுத் தரவை ஏற்றும் லோடை நிறுத்தி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, பெயர்களை மாற்றுங்கள். இங்கேதான் பலர் சறுக்குவது: பெயரை மாற்றினாலும் வியூக்கள் (டேபிள் போலப் பயன்படும், சேமித்துவைத்த குவெரிகள்) பழைய டேபிளையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் திரும்ப உருவாக்கிய பிறகே பழையதை டிராப் செய்யுங்கள். டிராப் மறுக்கிறதே என்று கேஸ்கேட் போட்டால் வியூக்களும் சேர்ந்து போய்விடும். டிராப் ஆனதும் டிஸ்கில் இடம் திரும்பிவிடும்.

இனி ஒரு மாதத்தை நீக்குமுன் அதன் மொத்தங்களைச் சுருக்க டேபிளில் எழுதிவையுங்கள். விற்பனைத் தொகையை மாதங்களிலிருந்து கூட்டி வருடத்துக்குக் கொண்டுவரலாம். வாடிக்கையாளர் எண்ணிக்கையை அப்படிக் கூட்ட முடியாது; ஜனவரியில் வந்தவரே பிப்ரவரியிலும் வந்திருப்பார். வருடக் கணக்கைத் தனியாக எடுத்துவையுங்கள்.

லோடு ஸ்கிரிப்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 'மூலத்தில் இருக்கிறது, இங்கே இல்லை' என்று ஒப்பிட்டு ஏற்றும் வகை என்றால், நீங்கள் நீக்கிய 3 வருடத்தையும் ஒரே இரவில் மறுபடி கொண்டுவந்து இறக்கிவிடும்.