லேப் ப்ராஜெக்ட் மார்க்கெட்டுக்கே வராதாமே, பொண்ணை சேர விடலாமா?

உங்க மெசேஜ் பார்த்தேன்மா. பொண்ணுக்கு பெரிய கம்பெனி ரிசர்ச் லேப்ல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, ஆனா எக்ஸ்பெரிமென்டல் ப்ராஜெக்ட்டாம், ப்ராடக்டா வருமான்னே தெரியாதாம், ஆறு மாசம் வீணாயிடாதானு கேட்டிருக்கீங்க. வராமலே போகலாம், அதுல ஒளிவுமறைவு இல்ல. ஜெராக்ஸ் கம்பெனி 1970ல ஆரம்பிச்ச பார்க் (PARC)ங்கிற ரிசர்ச் லேப்ல 1973லயே ஆல்டோன்னு ஒரு கம்ப்யூட்டர் பண்ணிட்டாங்க, மவுஸ், ஸ்க்ரீன்ல படம், விண்டோ எல்லாம் இருந்துச்சு, ஆனா கம்பெனி அத கடைசிவரை மார்க்கெட்டுக்கு கொண்டு வரவே இல்ல. அதுல வேலை பார்த்தவங்க என்ன ஆனாங்கன்னு பாருங்க. கம்ப்யூட்டர்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற ஈதர்நெட்டை அங்க உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான பாப் மெட்காஃப் 1979ல த்ரீகாம்னு நெட்வொர்க் கம்பெனி ஆரம்பிச்சாரு, ஆல்டோவுக்கு பிராவோன்னு டைப் பண்ற சாஃப்ட்வேர் எழுதினவங்கள்ல ஒருத்தரான சார்லஸ் சிமோனி 1981ல மைக்ரோசாஃப்ட் போயி வேர்ட் டெவலப்மென்ட்டை நடத்தினாரு. கம்பெனி கோட்டை விட்டுச்சு, இவங்க கத்துக்கிட்டது எங்கயும் போகல.

நான் யோசிக்கிறது வேற ஒண்ண. ஆறு மாசம் கழிச்சு இன்டர்வியூல உங்க பொண்ணு எத காட்டுவாங்க? எழுதின ப்ரோக்ராம் கோட் கம்பெனியோடது, வெளிய எடுக்க முடியாது, அக்ரிமென்ட்ல வாயத் திறக்கக் கூடாதுன்னே எழுதியிருப்பாங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடியே மென்டர்கிட்ட கேக்கட்டும்: ரிசர்ச் பேப்பர் போட விடுவீங்களா, போட்டா ஆத்தர் லிஸ்ட்ல என் பேர் வருமா, போன வருஷ இன்டர்ன் பண்ணது இப்போ என்னாச்சுன்னு. கடைசி கேள்விக்கு மென்டர் மென்னு முழுங்குனா கொஞ்சம் உஷாரா இருக்கணும், என்னைக் கேட்டா ஸ்டைபண்ட விட அதுதான் முக்கியம்.

சேர்ந்தப்புறம் தினமும் நோட்ஸ் எழுதணும். ஏஐ ப்ராஜெக்ட்னு வச்சுக்கோங்க, "மாடல் ஓட்டினேன்"னு ஒத்த வரி பத்தாது. "மெமரி நிரம்பி நின்னுடுச்சு, பேட்ச் சைஸ பாதியாக்கினேன், ஓடுச்சு ஆனா அக்யூரசி இறங்கிடுச்சு, லேர்னிங் ரேட்டையும் குறைச்சு பார்க்கணும்", இந்த மாதிரி எங்க நின்னுச்சு, எத மாத்தினேன், என்னாச்சு, அடுத்து என்னன்னு எழுதணும். நோட்ஸ் ஆபீஸ்லயே இருக்கட்டும், ரகசியம் எதுவும் வெளிய வரக் கூடாது. ஆனா எழுதி எழுதி மண்டைல ஏறினது யாரோடதும் இல்ல. ரிசர்ச் இன்டர்வியூல எதெல்லாம் சரியா வரல, ஏன் வரலன்னு நோண்டி நோண்டி கேப்பாங்க, நோட்ஸ் எழுதாத பசங்க அங்க திணறிடுவாங்க.

பிஎச்டி கட்டாயமான்னும் கேட்டிருந்தீங்க. ரிசர்ச் சயின்டிஸ்ட் போஸ்ட்டுக்கு பெரும்பாலும் கேப்பாங்க. அதே லேப்ல ரிசர்ச் இன்ஜினியர், சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலைக்கு பல இடத்துல டிகிரியோ மாஸ்டர்ஸோ போதும், அத இப்பவே முடிவு பண்ணணும்னு இல்ல.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சா அங்கயே வேலை போட்டுக் குடுப்பாங்கன்னு மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க, ப்ராஜெக்ட்ட நிறுத்தினா மொத்த டீமையும் வேற பக்கம் மாத்திடுவாங்க, அதனால வேற கம்பெனிகளுக்கும் அப்ளை பண்ணிட்டே இருக்கட்டும். ஏற்கெனவே வேற கம்பெனி வேலை ஆஃபர் கைல இருந்தா, அதுல சேர்ற தேதிய தள்ள முடியுமான்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு பதில் வாங்கி வச்சுக்கணும், போன்ல சரின்னு சொன்னத நம்ப வேணாம்.