ஊர் வரலாற்றை வானொலிக்காக எங்கே தேடுவது?

சமுதாய வானொலியில் வாராவாரம் ஊர்க்கதை சொல்லப்போவதாகவும், தகவலை எங்கிருந்து திரட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களிடம் போய்க் கேள் என்பார்கள். நான் முதலில் காகிதம், அப்புறம் ஆள் என்பேன். வெறுங்கையோடு போய், "பழைய கதை ஏதாவது சொல்லுங்க தாத்தா" என்றால் ராஜா, புதையல், கோயிலிலிருந்து கோட்டைக்குச் சுரங்கப்பாதை என்றுதான் வரும். அந்தச் சுரங்கப்பாதை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா என்ன!

கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1781இல் மைசூரின் ஹைதர் அலியும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டும் (Eyre Coote) அங்கே மோதியது பலருக்கும் தெரியும். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்ட ஜோசையா ஹீத் 1830இல் அதே ஊரில் இரும்பு உருக்கும் ஆலை வைத்தார். தாது சேலம் பக்கத்திலிருந்து பரிசலில் வந்தது. உலைக்கு மரக்கரி. கடலோர மணலில் இரும்பாலையா என்று கேட்பவர் காது நிமிரும். இந்த விவரத்தோடு ஊருக்குள் போனால் கேள்வியே மாறிவிடும்: கிணறு வெட்டும்போது இரும்புச் சிட்டம் (உருக்கியபின் மிஞ்சும் கசடு) வந்ததுண்டா? கரி மூட்டம் போட்ட குடும்பம் யாராவது இருக்கிறார்களா?

இப்படிப்பட்ட விவரங்களுக்கு மாவட்ட மேனுவல்களையும் கெசட்டியர்களையும் பாருங்கள்; ஆங்கிலேயர் காலத்தில் மாவட்டவாரியாக எழுதப்பட்ட விவர நூல்கள் இவை. பரங்கிப்பேட்டை அன்று இருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கு கார்ஸ்டின் எழுதியது 1878, பிரான்சிஸ் எழுதியது 1906. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை அதிகாரிகள் எழுதியவை. வரிக்கணக்கு தெரியும், உலையில் வெந்தவன் பெயர் தெரியாது. கல்வெட்டுக்குத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது பழைய கிரயப் பத்திரம். நான்கெல்லை எழுதும் இடத்தில் வண்டிப்பாதை, சத்திரம், தூர்ந்துபோன வாய்க்கால் எல்லாம் இருக்கும். காட்டச் சொன்னால் சிலர் சந்தேகப்படுவார்கள், நியாயம்தான். சொத்துத் தகராறும் சாதிப் பெருமையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலிபரப்பில் இடப்பெயர்கள் மட்டும் போதும்.

எழுதும்போது ஒரு வாரத்து நிகழ்ச்சியில் ஒரே ஒரு ஆண்டை மட்டும் சொல்லுங்கள். காதால் கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. பதிவில் இருப்பதை "இருக்கிறது" என்றும், ஊர்வாக்கை "சொல்கிறார்கள்" என்றும் பிரித்தே சொல்லுங்கள். "அது தப்பு தம்பி" என்று யாராவது நிலையத்துக்குப் போன் செய்தால் விட்டுவிடாதீர்கள், அனுமதி கேட்டு அப்படியே பதிவுசெய்து அடுத்த வாரம் போடுங்கள்.