அண்ணன் ஏன் அழுதான்?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 27 வயது. கோவையில் பெரியம்மா மகனோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு எபிசோட் என்று எட்டு நாளில் 'ட்ரூ டிடெக்டிவ்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்தோம். லூசியானாவில் ரஸ்ட், மார்ட்டி என்று இரண்டு போலீஸ் துப்பறிவாளர்கள் ஒரு கொலைகாரனைத் தேடுகிற கதை. நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டு க்ளூ எல்லாம் எழுதி வைத்தேன். மார்ட்டியின் மாமனார்தான் 'மஞ்சள் ராஜா' என்று சொல்லப்படும் அந்தக் கொலைகாரன் என்பது என் கணக்கு. எல்லாம் ஒத்தும் வந்தது. கடைசியில் புல் வெட்டுகிறவன் ஒருவனைக் காட்டிக் கதையை முடித்துவிட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில் பக்கத்தில் திரும்பினால், அண்ணன் அழுதுகொண்டிருக்கிறான்! சிரித்துவிட்டேன். நண்பர்கள் குரூப்பில், 'எங்க அண்ணன் கொலைகாரன் சீரியல் பார்த்து குலுங்கிக் குலுங்கி அழறான்' என்று போட்டேன். ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு நாளாக அவன் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் எடுத்து வைக்கிறான். ஒரு சீரியலுக்காக இப்படியா? கடைசி எபிசோட் ஏமாற்று வேலை என்று நான் சொன்னதில் என்ன தப்பு? (பெரியப்பா போன வருஷம் தவறியதிலிருந்தே அவன் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கிறான்.)
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருப்பது சீரியலைப் பற்றி. முதலில் அதைப் பேசிவிடலாம். அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே ஒரு வரி, அதற்குப் பிறகு வருகிறேன். இன்னும் பார்க்காத வாசகர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே புரட்டிவிடுங்கள். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. 2014இல் அமெரிக்காவில் இது முதன்முதலில் ஒளிபரப்பானபோது பாதிப் பேர் இப்படித்தான் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரி 12இல் தொடங்கி மார்ச் 9 வரை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஓர் எபிசோட். நடுவில் ஒரு வாரம் இடைவெளி வேறு. நீங்கள் அடுத்ததைப் பார்க்க ஒரு ராத்திரி காத்திருந்தால் போதும். அவர்களுக்கு நடுவே முழுசாக ஆறு நாள். ஆறு நாள் சும்மா இருக்குமா மனசு? படத்தை அங்கங்கே நிறுத்திச் சுவரில் இருக்கும் கிறுக்கலைப் படித்தார்கள். கொலையுண்ட டோரா லாங்கின் டைரியில் 'மஞ்சள் ராஜா', 'கார்க்கோசா' என்று இரண்டு பெயர் வருகிறது அல்லவா? அது ராபர்ட் சேம்பர்ஸ் 1895இல் எழுதிய ஒரு பேய்க்கதைப் புத்தகத்தில் உள்ளது என்று கண்டுபிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகத் தூசி படிந்து கிடந்த அந்தப் புத்தகம் திடீரென்று அமேசானில் விற்றுத் தள்ளியது. கடைசி எபிசோட் அன்று டிவியில் பார்த்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 35 லட்சம் பேர். இணையத்தில் பார்க்க எல்லாரும் ஒரே நேரத்தில் மோதியதில் இதை ஒளிபரப்பிய ஹெச்பிஓ சேனலின் ஆன்லைன் சேவையே படுத்துவிட்டது.

அவர்களும் உங்களைப் போல ஆளுக்கொரு கொலைகாரனை முடிவு செய்து வைத்திருந்தார்கள். மார்ட்டிதான் என்று ஒரு கூட்டம், ரஸ்ட்தான் என்று ஒரு கூட்டம். மாமனாருக்கும் ஆள் இருந்தது, கவலைப்படாதீர்கள். விடிந்ததும் முக்கால்வாசிப் பேருக்கு உங்கள் எரிச்சல்தான்.

ஆனால் 'ஏமாற்று வேலை' என்கிறீர்களே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மூன்றாவது எபிசோடைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடம். தாடிக்காரன் ஒருவன் மிஷின் மேல் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். ரஸ்ட் அவன் பக்கத்திலேயே போய் நின்று பேச்சுக் கொடுக்கிறார். முகத்தின் கீழ்ப்பக்கம் தழும்பு உள்ள ஆளைத்தான் பிறகு தேடப்போகிறார்கள்; அந்தத் தழும்பு இந்தத் தாடிக்குள் இருக்கிறது. அவன் எழுந்துகூட நிற்பதில்லை. அதற்குள் காரிலிருந்து மார்ட்டி ஹாரன் அடிக்கிறார், லெடூ என்ற வேறொருவனின் பெயர் கிடைத்துவிட்டதென்று. ரஸ்ட் திரும்பிப் போய்விடுகிறார். 1995இல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவனைப் பிடிக்க 2012 ஆகிறது. பதினேழு வருஷம்! நானும் அந்த இடத்தில் அவனைக் கவனிக்கவில்லை. காபி போட எழுந்து போனேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பச்சைக் காது. பச்சைக் காது வைத்த பூதம் துரத்தியது என்று ஒரு சின்னப் பெண் சொல்லியிருப்பாள். கடைசி எபிசோடில் மார்ட்டி பழைய போட்டோ ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதில் ஒரு வீடு, புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்தது. பெயின்ட் அடித்தவன் காதில் அது பட்டிருந்தால்? அவ்வளவுதான். அங்கிருந்து வீட்டுக்காரப் பாட்டி, பழைய வரிக் கணக்கு, சைல்ட்ரெஸ் என்ற பெயர் என்று நூல் பிடித்துப் போய்ச் சேருகிறார்கள். ராத்திரி பகலாகத் தத்துவம் பேசிய ரஸ்ட்டுக்கு இது பிடிபடவில்லை, பெயின்ட் கறையைப் பார்த்த மார்ட்டிக்குப் பிடிபட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. உங்கள் மாமனார் அளவுக்கு ஆடம்பரமான முடிவு இல்லைதான். ஆனால் இடையில் கொண்டுவந்து செருகிய ஆள் இல்லை, முதலிலிருந்தே கண்ணுக்கு முன்னால் இருந்தவன்.

இன்னொன்று. கொலைகாரன் யார் என்பதை விடப் பெரிய கேள்வி ஒன்று அந்தக் கதையில் முதல் எபிசோடிலிருந்தே ஓடுகிறது. அதை நீங்கள் நோட்டில் எழுதியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாவது எபிசோடில் ரஸ்ட்டும் மார்ட்டியும் பல வருஷம் கழித்துப் போலீஸ் விசாரணையில் தனித்தனி அறையில் உட்கார்ந்து, அந்த லெடூவோடு நடந்த துப்பாக்கிச் சண்டையை விவரிக்கிறார்கள். எப்படிச் சுட்டான், நாங்கள் எப்படித் தப்பினோம் என்று இருவர் வாயிலும் ஒரே கதை. திரையில் ஓடுவது வேறு. கையில் விலங்கு மாட்டி மண்டியிட்டிருப்பவனின் தலையில் மார்ட்டி சுடுகிறார். குரல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிறது. இந்த இரண்டு பேரும் யார், எதை மறைக்கிறார்கள், ஒருவருக்கொருவர் என்ன வேண்டும்? நிக் பிட்சொலாட்டோ என்ற ஒரே ஆள் எட்டு எபிசோடையும் எழுதினார், கேரி ஃபுகுனாகா ஒருவரே எட்டையும் இயக்கினார். வாரம் ஒருவர் வந்து கதையை இழுத்துவிட்டுப் போன தொடர் இல்லை. கடைசியில் மஞ்சள் ராஜாவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றார்கள் என்றால், தெரிந்தேதான் நின்றார்கள்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் புல் வெட்டுகிற எர்ரல் சைல்ட்ரெஸின் வீடு, குப்பை, பொம்மைகள், அவன் குரலை மாற்றி மாற்றிப் பேசுவது, இதையெல்லாம் எத்தனை படத்தில் பார்த்தாயிற்று. ஏழு எபிசோட் அவ்வளவு புதிதாக இருந்துவிட்டு எட்டாவதில் கடையில் வாங்கிய பூதம். பெண்களை எழுதியதில் சத்தே இல்லை என்று நியூயார்க்கர் பத்திரிகையில் எமிலி நஸ்பாம் சீசன் முடிவதற்கு முன்பே எழுதினார், அதிலும் நியாயம் உண்டு. கொலைகளோடு தொடர்புள்ள செனட்டர் டட்டில் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. பெரிய இடத்து ஆட்கள் செய்தியில் ஒரு மறுப்போடு வெளியே வருவதை நாம் பார்க்காததா?

என் கதை ஒன்றும் சொல்கிறேன். ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர்கதை வந்தது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பிரதி வரும், பதினாலு பேர் வரிசையில். கணக்குப்பிள்ளைதான் கொலையாளி என்று நான் அடித்துச் சொன்னேன், ரூம்மேட்டோடு ஒரு மசால்தோசை பந்தயம்கூட. கடைசி அத்தியாயத்தில் கணக்குப்பிள்ளை நல்லவர். அந்த எழுத்தாளரை ஆறு மாசம் நான் படிக்கவில்லை! தோசைக் காசுதான் என்னை அவ்வளவு உறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரி வாசல் காட்சியில் ரஸ்ட் என்ன சொல்கிறார் என்று நினைவிருக்கிறதா? நீங்கள் எரிச்சலில் இருந்திருப்பீர்கள், காதில் விழுந்திருக்காது. சக்கர நாற்காலியில், வயிற்றில் கத்திக் காயத்தோடு, முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், சீசன் முழுக்க மனிதப் பிறவியே ஒரு பிழை என்று பேசிக்கொண்டிருந்தவர். உயிர் போகிற நேரத்தில் இருட்டுக்கு அடியில் இன்னொரு இருட்டு இருந்தது, அங்கே செத்துப்போன தன் மகளின் அன்பு தெரிந்தது என்கிறார். அதோடு நிற்கவில்லை. தன் அப்பாவும் அங்கே இருந்தார் என்கிறார். மூன்று பேருமாகக் கரைந்துகொண்டிருந்தோம், நானும் விட்டுவிட்டேன், ஆனால் கண் விழித்துவிட்டேனே என்று அழுகிறார்.

அப்பா இருந்தார் என்கிறார், தம்பி. அந்த வரியின்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போன வருஷம் அப்பாவைப் பறிகொடுத்தவர்.

அவர் அதற்குத்தான் அழுதார் என்று நான் எழுதித்தர முடியாது. ஆனால் இத்தனை க்ளூவைச் சேர்த்து நோட்டுப் போட்ட நீங்கள், முக்கியமான க்ளூவை உங்கள் கடிதத்தின் கடைசியில், அதுவும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். கொள்ளி வைக்கும்போது அழாத ஆண்கள் நம் குடும்பங்களில் நிறைய பேர். ஆக வேண்டியதைப் பார்க்கிற அவசரம், அம்மாவைத் தேற்றுகிற பொறுப்பு, வந்தவர்களுக்குக் காபி. அந்த அழுகை ஏதோ ஒரு சினிமாவில், பஸ்ஸில், சம்பந்தமில்லாத இடத்தில் வந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் அண்ணனுக்கு லூசியானாவில் வந்து பிடித்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் குரூப்பில் போட்டீர்கள்.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: முடிவு பிடிக்கவில்லை என்று சொன்னது தப்பில்லை. குரூப்பில் போட்டது தப்பு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நியாயம் கேட்காதீர்கள். அவர் சீரியலுக்காகப் பேசாமல் இருக்கவில்லை.

முதல் வேலை, அதே குரூப்பில் ஒரு வரி. 'அன்னைக்கு அண்ணனைப் பத்திப் போட்டது என் தப்பு' என்று போடுங்கள். விளக்கம் வேண்டாம், பெரியப்பாவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வேண்டாம். யாராவது மறுபடி கிண்டல் செய்தால் நீங்களே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வீட்டில். அவர் சோறு எடுத்து வைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பேசாமல் இருக்கிறவர் உங்களுக்கும் சேர்த்துத் தட்டு எடுக்கிறார் என்றால் கதவு தாழ் போடவில்லை. இன்று ராத்திரி நீங்கள் எடுத்து வையுங்கள். 'அண்ணே, சிரிச்சது தப்பு' என்று சொல்லுங்கள். 'இருந்தாலும் அந்த க்ளைமாக்ஸ்...' என்று தொடங்கினீர்களோ, இன்னொரு பன்னிரண்டு நாள் உறுதி.

பெரியப்பாவைப் பற்றி அவரைக் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி என்ன நினைவிருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். உங்களைத் தோளில் வைத்துத் தேர் காட்டியிருப்பார், அல்லது பத்தாவது ரிசல்ட்டுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருப்பார். எனக்கெப்படித் தெரியும், உங்களுக்குத்தானே பெரியப்பா. அவர் பேசினால் கேளுங்கள். எழுந்து போனால் போகட்டும், மறுநாள் பார்க்கலாம். 'ஒரு மாதிரி' என்றால் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் இல்லாமல், சரியாகச் சாப்பிடாமல், வேலைக்குப் போகாமல் என்றால் விட்டுவிடாதீர்கள், ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டெலி மனஸ் என்று அரசின் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்களே கூப்பிட்டு எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்கலாம்.

ரஸ்ட்டும் மார்ட்டியும் 2002இல் அடித்துக்கொண்டு பிரிந்து பத்து வருஷம் பேசவில்லை. அந்தச் சண்டையில் உடைந்த வண்டியின் பின்விளக்கை 2012 வரை ரஸ்ட் மாற்றவே இல்லை, கவனித்தீர்களா? கடைசியில் அவர்தான் ஹாரன் அடித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பீர் வாங்கித் தருகிறேன் என்று கூப்பிடுகிறார். பன்னிரண்டே நாளில் எனக்குக் கடிதம் போட்ட உங்கள் நிலைமை எவ்வளவோ தேவலை.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது எபிசோடில் மார்ட்டியின் மகள் ஆட்ரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்துச் சுற்றி ஐந்து ஆண் பொம்மைகளை நிறுத்தியிருப்பாளே, அதற்குக் கடைசி வரை யாரும் விளக்கம் சொல்லவில்லை. உங்கள் மாமனார் கணக்கே அதிலிருந்துதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எனக்கும் அது இன்னும் புரியவில்லை.