தூக்கமும் மூளையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஐந்தரை மணி நேரத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது. போதாதா?

ப: போதாது. 2003இல் வெளியான ஒரு சோதனையில் சிலரை 14 நாள் இரவுக்கு 6 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். கவனப் பிழைகள் நாளுக்கு நாள் ஏறி, விடிய விடிய விழித்திருந்தவர்களின் நிலையை எட்டின. 6 மணி நேரம் படுத்தவர்களோ லேசான தூக்கக் கலக்கம்தான் என்றார்கள். குறைபாடு கூடக்கூட அதை உணரும் திறன் மங்குகிறது. ‘பழகிவிட்டது’ என்பதை நம்பாதீர்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10. குறைந்த தூக்கத்திலும் நலமாக இருக்கும் மரபணு அமைப்பு உண்டு, மிக அரிது. விடுமுறையில் அலாரம் இல்லாமல் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குபவருக்கு அது இருக்க வாய்ப்பில்லை.

கே: அதிகாலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்தால் எதை இழக்கிறோம்?

ப: பெரும்பாலும் கனவுத் தூக்கத்தை, அதாவது கனவுகள் அதிகம் வரும் கட்டத்தை. தூக்கம் சுற்றுச் சுற்றாக வரும்; ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். ஆழ்ந்த தூக்கம் முதல் சுற்றுகளில் அதிகம்; கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி நீளும். எட்டில் இரண்டு மணி நேரம் வெட்டினால் கால் பங்குதான் போகிறது என்று கணக்குப் போட வேண்டாம். கனவுத் தூக்கத்தில் அதைவிடப் பெரிய பங்கு போய்விடும்.

கே: தூங்கும்போது மூளையின் கழிவு வெளியேறுகிறதாமே?

ப: 2013இல் எலிகளில் பார்த்தது அது. தூக்கத்தில் செல்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 சதவீதம் விரிந்தது. அல்சைமர் எனும் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் வேகமாக அகன்றது.

கே: 2024இல் வந்த ஆய்வு நேர் எதிராகச் சொல்கிறதே! இன்னுமா இதையே சொல்கிறீர்கள்?

ப: நல்ல கேள்வி. அந்த ஆய்வில் எலி மூளைக்குள் செலுத்திய சாயம் தூக்கத்தில் மெதுவாகவே வெளியேறியது. ஊசி குத்துவதே திசுவைக் குலைத்து முடிவை மாற்றியிருக்கும் என்று மறுதரப்பு வாதிடுகிறது. வழக்கு தீரவில்லை, தூக்கம் மூளைக் கழிவைக் கழுவுகிறது என்பதை உறுதியான உண்மை என்று பரப்பாதீர்கள். ஆனால் அந்தக் கருத்து விழுந்தாலும் தூக்கத்தின் தேவை விழாது. தூக்கமின்றி நரம்பணுக்கள் ஓயாமல் இயங்கினால் அமிலாய்டு உற்பத்தியே கூடும். 2018இல் 20 பேரை ஓர் இரவு விழிக்க வைத்து ஸ்கேன் எடுத்தபோது நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அமிலாய்டு கூடியிருந்தது.

கே: (அதே நண்பர்) அல்சைமர் நோயே தூக்கத்தைக் கெடுக்கலாம் அல்லவா?

ப: கெடுக்கும். அதனால்தான் நீண்ட காலக் கண்காணிப்பு தேவை. பிரிட்டன் அரசு ஊழியர்களை 25 ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. 50, 60 வயதில் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் அபாயம் சுமார் 30 சதவீதம் அதிகம். தூக்கம்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை; உங்கள் ஐயத்தைக் குறைக்கிறது, அவ்வளவே.

கே: எந்த மாத்திரை போடலாம்?

ப: இதே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பதில்: நீங்களாக எதையும் போடாதீர்கள். தூக்கம் வருமென்று அலர்ஜி மாத்திரை விழுங்குவது முதியோருக்குப் பெரும் ஆபத்து. டைஃபென்ஹைட்ரமின் போன்றவை நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும். குழப்பம், தடுமாறி விழுதல், சிறுநீர் அடைப்பு வரலாம்.

கே: நடுராத்திரி விழிப்பு வந்தால்?

ப: சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். அந்த 20 நிமிடம் உத்தேசம்தான், மணி பார்க்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கிய பிறகே படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை கேளுங்கள். மாத்திரைக்கு முன் அதுதான்.

கே: மாலை காபி?

ப: வேண்டாம். ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறத்தாழ பாதிக் காஃபீன் உடலில் இருக்கும்.

கே: நாலு மாதக் குழந்தை இரவில் தூங்குவதில்லை.

ப: குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது. குறட்டையும் உண்டு.

ப: பக்கத்தில் படுப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்: குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறலோடு திரும்புகிறதா? காலையில் தலைவலி இருக்கிறதா? ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். உறுதியானால், முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி பெரும்பாலோருக்குப் பயன் தரும். அதுவரை மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது, தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். கண் சொக்கும்போது வண்டி ஓட்டாதீர்கள்.