சைக்கிளோடு படி ஏறுவது

அன்புள்ள அம்மா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர்தான். சைக்கிளில் போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள். நடுவில் ஒரு நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். மனைவி வேன்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அனுப்பிப் பார்க்க ஆசை, பயமும் இருக்கிறது. ஹெல்மெட் வாங்கியாயிற்று, சாலை விதிகளும் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளி வாசலில் ஓவர்பிரிட்ஜ் கேட்டுப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஹாலந்தில் சின்னஞ்சிறு பிள்ளைகள் தனியாக சைக்கிளில் போகும் வீடியோக்களைப் பார்க்கிறேன். அந்த ஒழுக்கம் நமக்கு ஏன் வரவில்லை? ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். எந்த வயதில் பிள்ளையைத் தனியாக அனுப்பலாம்?

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்னால் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் மகள் பதினோராம் வகுப்பு. அரசு சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். "மாட்டுக் கொட்டாயில நிக்குது டீச்சர். அவ ஷேர் ஆட்டோலதான் போறா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நானும் பார்த்த ரோடுதானே. அன்றிலிருந்து மனசு அங்கேயே சுற்றுகிறது, அதனால்தான் பதில் நீள்கிறது.

ஹெல்மெட் போடட்டும், நல்லதுதான். அதில் பேச ஒன்றுமில்லை.

ஹாலந்துக்காரர்களின் ஒழுக்கம் என்ற பேச்சு எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. 1971இல் அந்த நாட்டில் சாலை விபத்துகளில் மட்டும் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஒன்றேகால் கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தலைப்புப் போட்டு எழுதினார். அதே பெயரில் ஓர் இயக்கம் கிளம்பியது. தாய்தகப்பன்கள் பிள்ளைகளோடு ரோட்டை மறித்தார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் அதற்கு முன்பே சில தெருக்களை வளைத்து, மரமும் தொட்டியும் வைத்து, வண்டி ஊர்ந்துதான் போக முடியும் என்று ஆக்கியிருந்தார்கள். 1976இல் அப்படிப்பட்ட தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஜனங்கள் அதே ஜனங்கள்தான், மாற்றிக் கட்டியது ரோட்டை. நீங்கள் பார்க்கும் வீடியோ அதற்குப் பிறகு எடுத்தது.

இனி ஓவர்பிரிட்ஜ். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, மகள் சைக்கிளில் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிப் படிக்கட்டா கேட்பார்? லாரி, கன்டெய்னர் எல்லாம் அடியில் போகவேண்டும் என்பதற்காக ரோட்டுக்கு மேல் ஐந்தரை மீட்டர் விட்டுத்தான் பாலம் கட்டுவார்கள். படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்தாலும் முப்பத்தேழு படி ஏறவேண்டும், அதே அளவு இறங்கவேண்டும். முதுகில் புத்தகப்பை, கையில் சைக்கிள். உங்கள் பெண் இரண்டு நாள் ஏறுவாள். மூன்றாம் நாள் கீழேதான் கடப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

அப்படிக் கடந்து ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? "மேல பாலம் இருக்குதே, அந்தப் பிள்ளை ஏன் கீழ போச்சு?" ஓவர்பிரிட்ஜ் கட்டி முடித்த அன்றே வண்டிக்காரனின் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் மாற்றி வைத்துவிடுகிறோம். அதுவரை பள்ளி வாசலில் கொஞ்சம் பயந்து ஓட்டிக்கொண்டிருந்தவனும் இனி இங்கே யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று மிதிப்பான். அடுத்து கீழே யாரும் கடக்கக்கூடாது என்று கம்பிவேலி வரும், வேலியில் விளம்பரப் பலகை வரும். நடக்கிற பிள்ளைகளின் பேரைச் சொல்லிச் செலவு செய்து கார்களுக்குத் தடையில்லாத ரோடு போட்டுக் கொடுக்கிறோம். இதற்குப் பெற்றோரே கையெழுத்து போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கு எளிதானது. ஒரு பிள்ளை திடீரென்று ரோட்டில் இறங்குகிறது. பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், அந்த ஒரு நொடியையும் சேர்த்து, நல்ல ரோட்டில் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வருகிற கார் அந்த ஒரு நொடியிலேயே 13 மீட்டரைத் தாண்டிவிடும், பிரேக் பிடிக்கவே ஆரம்பித்திருக்காது. ஒரு வண்டி நின்றுவிட்ட இடத்தில் இன்னொரு வண்டி முழு வேகத்தோடு பிள்ளைமேல் மோதுகிறது. இரண்டையும் ஓட்டியது ஒரே நல்ல மனிதராகவே இருக்கலாம்.

ஆகவே கேட்கவேண்டியது வேகம் குறைகிற மாதிரியான ரோடு. 'பள்ளி, மெதுவாகச் செல்' என்ற பலகையைக் கேட்காதீர்கள், அதை யார் படிக்கிறார்கள்? பள்ளி வாசலில் கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு மேடை மாதிரி உயர்த்தச் சொல்லுங்கள். பிள்ளை சமதளத்தில் நடக்கும், வண்டிதான் ஏறி இறங்கும். ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போகிற, முதுகெலும்பை உடைக்கிற தார் மேடு அல்ல. ரோடு போடுவதற்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வலிக்காமல் தாண்டலாம், அதற்குமேல் போனால்தான் தூக்கிப்போடும். நடுவில் பிள்ளை சைக்கிளோடு நிற்கிற அளவுக்கு ஒரு திட்டு வேண்டும். பக்கத்துத் தெரு வந்து சேரும் முக்கைக் குறுக்கச் சொல்லுங்கள். இப்போது அகலமாக வளைத்து வைத்திருப்பதால்தான் வண்டிகள் வேகம் குறைக்காமலே திரும்புகின்றன. ஓவர்பிரிட்ஜுக்கு ஆகும் பணத்தில் இதையெல்லாம் எத்தனையோ பள்ளிகளில் செய்யலாம்.

நான் வேலை பார்த்தது வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில். ஊர் ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் புளியமரம், நடுவே குறுகலான ரோடு. லாரிக்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தி, பிள்ளைகளைப் போகச் சொல்வார்கள். நெடுஞ்சாலைகளை அகலமாக்கும் தங்க நாற்கரத் திட்டம் வந்தது, மரங்கள் போயின, ரோடு நான்கு வழியாகி நடுவில் மீடியன் சுவர் வந்தது. கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் சைக்கிளும் வந்தது. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று ஆரம்பித்து, பிறகு எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம். எவ்வளவு பெரிய காரியம் அது! வயதுக்கு வந்த பெண்ணை அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகள்கூட அனுப்பின. ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்த அதே வருஷங்களில் மறு கையால் அதை ஓட்டுகிற ரோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சுரங்கப்பாதை இருந்தது, ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி. மழை வந்தால் தண்ணீர் நிற்கும், மற்ற நாளில் குடிகாரர்கள் இருப்பார்கள். பெண்பிள்ளைகள் போவார்களா? ஒருத்தி முன்சக்கரத்தையும் ஒருத்தி பின்சக்கரத்தையும் தூக்கி, மீடியனைத் தாண்டி வைப்பார்கள். அப்புறம் இடுப்பு உயர அந்தச் சுவர் மேல் கையூன்றித் தாவுவார்கள். பாவாடை தாவணியோடு! இந்தப் பக்கம் வந்ததும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்பார்கள். எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு நாள் ஒரு பெண் அடிபட்டாள். உயிர் பிழைத்தாள், கால் சரியாகவில்லை, படிப்பு நின்றது. விசாரிக்க வந்தவர் பிரேயரில் நின்று, விதியை மீறிக் கடக்கக்கூடாது என்று மற்ற பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த ரோட்டை வரைந்தவருக்கு அறிவுரை சொல்ல யாரும் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் அடிபடவில்லை, ஏனென்றால் எந்தப் பிள்ளையும் கடக்கவில்லை. உங்கள் வீட்டம்மா வேன் என்று சொல்வதும் இதுதான். அவரைக் குறை சொல்லமாட்டேன். மேயர் ஹில்மேன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். அங்கேயும் அடிபடுவது குறைந்ததற்கு ரோடு திருந்தியது காரணமில்லை, பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டியதுதான் காரணம்.

மனு எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கில்தான், 2025 மே மாதம், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. ஊர்க்காரர் வாங்கிக் கொடுத்ததைப் பயன்படுத்துங்கள். ஒரு பிரதி மாநகராட்சிக்கு, ஒரு பிரதி கலெக்டர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அயோவா பல்கலைக்கழகத்தில் ஆறு வயது முதல் பதினான்கு வரையிலான பிள்ளைகளைச் செயற்கை ரோடு ஒன்றில் கடக்கவைத்துப் பார்த்தார்கள். வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பெரியவர்கள் மாதிரிக் கணித்துத் தாண்டியவர்கள் பதினான்கு வயதுக்காரர்கள்தான். உங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்கும். உள்தெருக்களில் அவள் தனியாகவே ஓட்டட்டும், பின்னால் தொங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த நான்குவழிச் சாலையை மட்டும் நீங்களும் ஒரு சைக்கிளில் வந்து கூடவே கடந்துவிடுங்கள். தினமும் கடந்தால்தான் மனுவில் என்ன எழுதவேண்டும் என்பதும் தெரியும்.

புது மனுவை எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்து போடுகிறேன். ஓவர்பிரிட்ஜ் என்று எங்காவது இருந்தால் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன், வாத்தியார் புத்தி.