மகள் அண்டவியல் படிக்கலாமா? பயப்படும் பெற்றோருக்கு

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மகள் ஆரம்பகாலப் பிரபஞ்சத்தை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் மிகக் குறைவு, முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில வருடங்கள் ஒப்பந்தப் பணியில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தத் துறையில் அவள் கற்கப்போவது வேறு.

பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பிய ஒளி இன்று நுண்ணலைப் பின்னணியாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜன் அனுப்பிய 21 செ.மீ. அலையோ, பிரபஞ்சம் விரிவதால் நீண்டு நீண்டு 200 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, எஃப்.எம். ரேடியோ அலைவரிசைப் பக்கம் வந்து விழுகிறது. நம் பால்வெளியின் ரேடியோ இரைச்சல் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது, தனியாக அதைப் பிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் நுண்ணலைப் பின்னணி, 21 செ.மீ. அலை இரண்டின் வான வரைபடங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு கருவியின் பிழைக்கும் இன்னொன்றின் பிழைக்கும் சம்பந்தம் கிடையாது, இரு வரைபடங்களையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் பொதுவான சிக்னல் மட்டும் மிஞ்சும். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிந்துபோன, அதாவது அயனியான, பகுதியில் 21 செ.மீ. அலை இருக்காது, அதே இடத்து எலக்ட்ரான்கள் நுண்ணலையில் தடம் பதிக்கும்.

சரி, சிக்கல் எங்கே? பால்வெளி இரைச்சலைக் கழிக்கும்போது 21 செ.மீ. சிக்னலிலும் அலைவரிசையோடு மெதுவாக மாறும் பகுதி முழுக்கப் போய்விடுகிறது, நுண்ணலை வரைபடத்தோடு ஒப்பிடத் தேவைப்படுவதும் அதுதான்! இதை மீட்கும் வழிகளைத்தான் இப்போது பலரும் தேடுகிறார்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,31,072 ஆண்டெனாக்களோடு எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தின் தாழ் அலைவரிசைத் தொலைநோக்கியும் எழுந்துகொண்டிருக்கிறது.

இரைச்சலுக்குள் சிக்னலைத் தேடும் இந்தக் கணக்கும் புள்ளியியலும் நிரலாக்கமும் மருத்துவப் படிமம், தகவல் தொடர்பு, டேட்டா சயின்ஸ் என்று எங்கும் செல்லும். ஆராய்ச்சி வேலை அமையாவிட்டாலும் கையில் தொழில் இருக்கும்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று இப்போதே பார்த்துவிடலாம். நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் வரைபடங்கள் இணையத்தில் இலவசம். ஒன்றை இறக்கி, பைத்தான் நிரல்மொழியில் திறன் நிறமாலை, அதாவது எந்தக் கோண அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபு, வரையச் சொல்லுங்கள். முதல் முகடு சுமார் 1 டிகிரி கோண அளவில் வர வேண்டும், பால்வெளிப் பட்டையை மறைக்க மறந்தால் எல்லாம் பிசகும். எங்கே பிசகியது என்று சாப்பாடு மறந்து தேடுகிறாளா, எரிச்சலாகி மூடிவைக்கிறாளா? வானத்தின் அழகான படங்கள் மட்டும்தான் பிடிக்கும் என்றால் இந்த வேலை அவளை வாட்டிவிடும்.

தேடுகிறாள் என்றால் எம்.எஸ்சி.யில் புள்ளியியலும் சிக்னல் பிராசஸிங்கும் விருப்பப் பாடமாக எடுக்கட்டும். அப்புறம், முனைவர் பட்ட வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவளே நேரில் கேட்கட்டும்.